வேனி, வீடி, வீச்சு ரொட்டி

அந்த இலத்தீன் வசனம் எங்கள் வீட்டுக்குள் வந்தது தம்பியால்தான். வேனி, வீடி, வீச்சி. வந்தேன், கண்டேன், வென்றேன் என்று எந்தக் காலத்திலோ ஒரு ரோமத் தளபதி சொன்னதாம். தம்பியோடு படித்தவர்கள் கனடா, லண்டன், கட்டார் என்று சிதறிப்போய், இன்டர்நெட்டில் ஒரு குழு வைத்திருந்தார்கள். வேலையில்லாத கூட்டம். "வேனில வந்தன், வீடியோ பார்த்தன், வீச்சு ரொட்டி சாப்பிட்டன்" என்று தொடக்கிவைத்தவன் தம்பிதான். கட்டாரில் நின்றவன், "வந்தன், கண்டன், வெந்துபோனன்" என்று எழுதினான். பிறகு ஆளுக்கொரு பகிடி.

இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு அந்தப் பகிடிக்கு வேறு வேலை வந்தது. ஷெல் விழுந்தது, ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று எழுத எல்லோருக்கும் பயம். யார் வாசிக்கிறார்களோ! தம்பி துறைமுகத்தில் வேலை முடிந்து வரும்போது இன்டர்நெட் கடையில் ஏறி, புதிதாக ஒரு பகிடி போட்டுவிட்டுத்தான் பாலையூற்றில் எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் மிதிப்பான். பகிடி வந்தால் ஆள் இருக்கிறான் என்று கூட்டாளிகளுக்கு விளங்கும்.

ஒரு நாள் பகிடி வரவில்லை. ஆளும் வரவில்லை. துறைமுக வாசலில், ஆட்களைக் கடத்துகிற வெள்ளை வேன் ஒன்று நின்றது என்று ஒரு மனுசி சொன்னார். பிறகு அதையும் இல்லையென்றார். பொலிசுக்குப் போனேன், இராணுவக் காம்ப் வாசலில் நின்றேன். "இங்க இல்லை" என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள்.

வேறு வழி தெரியாமல் அந்த இன்டர்நெட் கடையிலேயே போய்க் குந்தினேன். குழுவைத் திறந்தால், விசயம் தெரியாத எவனோ "வந்தன், கண்டன், கலியாணம் கட்டினன்" என்று படத்தோடு போட்டிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பியூட்டரைத் தூக்கி றோட்டில் எறிந்திருப்பேன். "என்ர தம்பியைக் காணேல்லை, உங்களுக்குப் பகிடி கேக்குதோ?" என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஒருவரும் எழுதவில்லை.

சில நாட்களில் தம்பியின் பெயரில் ஒரு வரி வந்தது.

"வந்தன், கண்டன், ஒளிச்சிட்டன்."

கடவுளே! கடைக்காரர் "என்ன பிள்ளை, என்ன?" என்று கேட்கக் கேட்க வீட்டுக்கு ஓடினேன். "உயிரோட இருக்கிறான் அம்மா! எங்கயோ ஒளிச்சிருக்கிறான்!" அவன் போனதிலிருந்து அடுப்பைத் திரும்பியும் பார்க்காத அம்மா, அன்றைக்குச் சூடை மீன் வாங்கிப் பொரித்தார். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் கடைக்குக் கனடாவிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. தம்பியின் நெருங்கிய கூட்டாளி.

"அக்கா, அது நான் போட்டது. அவன்ட பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். ஆளுக்காள் மற்றவன்ட பேரில எழுதிப் பகிடி விடுறது எங்கட பழக்கம். நீங்கள் கொஞ்சமெண்டாலும் நிம்மதியா இருப்பியள் எண்டு நினைச்சன்..."

"நாசமாப் போவானே!" என்று கத்தினேன். "நேற்று நாங்கள் சோறு திண்டனாங்களடா!"

அவன் அழுதான். ஃபோனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா வாசல் படலையில் நிற்கிறார்.

"இண்டைக்கு என்ன எழுதியிருக்கிறான்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏலாமல் போய்விட்டது. "வந்தன், கண்டன், மெலிஞ்சிட்டன்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அம்மா சிரித்தார். அவன் காணாமல் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

"மெலிஞ்சுதான் இருப்பான், விசரன். நாளைக்கும் போய்ப் பார், பிள்ளை" என்றார்.