ஏழாவது இழுப்பு

காலை 8.10. பட்டப்பகல். பேய்க்கு ஏற்ற நேரமே இல்லை. ஆனால் நடந்தது அப்போதுதான். நம்பாதவர்கள் அந்தக் குழந்தையைக் கேட்கலாம். பொய் சொல்லும் வயது இல்லை அதற்கு.

குழந்தையின் அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வீட்டைப் பூட்டினால் பூட்டை ஏழு முறை இழுத்துப் பார்ப்பாள். ஆறோடு நின்றால் நெஞ்சை அடைக்கும். பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடி வருவாள். பூட்டியிருப்பது அவளுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியாது. "பூட்டுக்கு வாய் இருந்தா அழுதுரும்டி" என்பான் கணவன். அவளும் சிரிப்பாள். மாடி வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம். கதவின் உட்புறம் கைப்பிடியைச் சுற்றி மட்டும் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. அதையும் தினமும் தடவிப் பார்ப்பாள்.

முந்தின நாள் சிரிப்பு நின்றுபோனது. ஆறு வயது மகள் பள்ளிப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இவள் எண்ணினாள். ஏழு.

"நாளையிலேருந்து எல்லாம் ஒரே தடவைதான்டி செல்லம். நீயும், அம்மாவும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதனால் அன்று பூட்டை ஒரே ஒரு முறை இழுத்தாள். கடக். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது படிக்கு வந்தபோது...

கடக்.

மேலே யாரும் இல்லை. அந்த மாடியில் வேறு வீடும் இல்லை.

"ரெண்டு," என்றாள் மகள்.

கடக்... கடக்...

பூட்டு ஆடிக்கொண்டிருந்தது. கதவை யாரோ உள்ளிருந்து இழுத்தார்கள். காற்றா? சன்னல்களை முந்தின நாளே, சத்தியத்துக்கு முன்பே, ஏழேழு முறை சாத்திப் பார்த்திருந்தாள்.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"பட்டறையிலதான். ஏன், பூட்டு மறுபடி கூப்பிடுதா?"

கடக்... கடக்...

"ஆறு," என்றாள் மகள்.

நின்றார்கள். ஏழாவது வரவில்லை.

அவள் திரும்பிப் போகவில்லை. சத்தியம் செய்திருந்தாளே. ஆனால் பயத்தைவிட, அந்த ஒன்று பாக்கி நின்றதுதான் அவளை நாள் முழுக்க அரித்தது.

மாலை 5.40. மகளோடு திரும்பியபோது கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்றாள்.

"அக்கா, எங்களுக்கு முன்னாடி மேல யாரு இருந்தாங்க?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "கடிகாரம் ரிப்பேர் பண்றவரு. பொண்டாட்டிய உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் போவாரு. பூட்ட ஒரு இழுப்பு இழுப்பாரு, அவ்வளவுதான். அவரு இறங்குனதும் அந்தம்மா உள்ளேருந்து இழுக்கும். சாயங்காலம் சாவிச் சத்தம் கேட்டாலும் இழுக்கும். ஒருநாள் அவரு வரல. ரோட்டுல லாரி அடிச்சிருச்சு. கதவ உடைக்க நாலு நாளாச்சு."

"நாலு நாளும் சத்தம் கேக்கலியா?"

"கேட்டுச்சு. தினமும் கேக்குறதுதானேன்னு... இருந்துட்டோம்."

ஏறக் கூடாது என்று தெரிந்தது. கால்தான் ஏறியது. பூட்டை ஒருமுறை தொட்டால் போதும்...

சாவியை எடுத்தாள்.

கடக்.

மகள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏழாச்சு. இப்ப திறந்து விடும்மா."