அக்கரைப்பற்றுக்கு இரண்டு லென்ஸ்களோடு

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கல்முனைப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கெமராக் கடையிலிருந்து புறப்பட்டோம். மோட்டார் சைக்கிளில் முன்னால் என் கணவர் றிஸ்வான், பின்னால் நான், நடுவில் ஒரு பை. பைக்குள் என் முதல் ஃபுல் ஃப்ரேம் கெமராவும் கடைக்காரர் நம்பித் தந்த இரண்டு லென்ஸ்களும் இருந்தன. ஒன்றின் பெயர் எழுபது-இருநூறு. முழங்கை நீளம், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும். மற்றது முப்பத்தைந்து. பிளேன்ரீக் கோப்பை அளவுதான். அகலமாகப் பார்க்கும், எதையும் பெருப்பித்துக் காட்டாது.

இரண்டில் ஒன்றைத்தான் என்னால் வாங்க முடியும். "பின்னேரம் கடை பூட்ட முந்தி ஒண்டச் சொல்லுங்க தங்கச்சி, மத்தத்தத் திருப்பித் தாங்க" என்றார் கடைக்காரர். ஃபுல் ஃப்ரேம் பழைய கெமராவைவிட அகலமாகப் பதியும்; பழைய லென்ஸை அதில் பூட்டிப் பார்த்திருந்தேன். படத்தின் நாலு மூலையும் கறுத்துப்போயின. ஆகவே வாங்காமல் சமாளிக்கவும் வழியில்லை.

போகிற இடம் அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீடு. எங்கள் பக்கம் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் ஆண்கள் படமெடுக்கப் போவதில்லை. எடுத்து முடிந்ததும் மெமரி கார்டையே பெண் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். இதுவரை ஒரு ஸ்டூடியோவுக்கு உதவியாளாகப் போய்வந்த நான், முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் ஒரு கலியாணத்தைப் படமெடுக்கக் கேட்டிருந்தேன். மணப்பெண்ணின் உம்மா பிடிகொடுக்கவில்லை. "சனிக்கிழமை பலகாரம் சுடுறம், வாங்க. நாலு படம் எடுத்துக் காட்டுங்க. வீட்டாக்களுக்குப் புடிச்சா மறுகா பாப்பம்" என்றிருந்தார். பிறகு பார்ப்போம் என்ற அந்த 'மறுகா பாப்பம்' என் நித்திரையைக் கெடுத்தது. அந்தக் கலியாணத்தை வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்றுதான் வெளிக்கிட்டேன்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில் வரும். நேரே போனால் ஒரு மணித்தியாலமும் ஆகாது. நான் நிறுத்தி நிறுத்திப் போனேன். சாய்ந்தமருதில் ஒரு மீன் வியாபாரியை முப்பத்தைந்தால் எடுத்தேன். தெருவோரக் கான், மதில், மின்கம்பம் எல்லாம் வந்திருந்தன. மனிதர் மூலையில் சிறிதாக நின்றார். றிஸ்வான் எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்ட் கம்பி வடிவா விழுந்திரிக்கி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. காரைதீவுச் சந்தி தாண்டும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை.

நிந்தவூர் கழிந்து வயல் காற்று முகத்தில் அடித்தது. ஒலுவிலில் துறைமுகப் பக்கம் திரும்பி, நீள லென்ஸைப் பூட்டினேன். ஒரு படகு உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் முன்பக்க அணியத்தில் ஒருவர் கயிறு சுருட்டினார். கரையில் நின்றபடியே அவருடைய புருவத்து உப்பு வரைக்கும் பார்த்தேன். மனம் அப்படியே அதில் விழுந்துவிட்டது.

"இதுதான் சாமான்!" என்றார் றிஸ்வான். "இதத் தூக்கிட்டுப் போனாத்தான் கலியாண வீட்டில மதிப்பாங்க. சின்னதக் கண்டா, போன்ல எடுக்க வந்திரிக்கா எண்டுதான் நினைப்பாங்க."

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்களூரில் படமெடுப்பவரின் மதிப்பு லென்ஸின் நீளத்தில்தான் இருக்கிறது. அட்டாளைச்சேனையில் ஐம்பது ரூபாய்க்குப் பிளேன்ரீ குடிக்கும்போது முடிவு செய்துவிட்டேன்: எழுபது-இருநூறுதான்.

கலியாண வீட்டை அடையும்போது பதினொரு மணி. பெண்ணுக்கென்று கட்டிய புது வீடு; மாப்பிள்ளை இங்கேதான் வந்து குடியிருப்பார். பெயின்ற் மணமும் எண்ணெய் மணமும் கலந்து வந்தன. றிஸ்வான் ஆண்களோடு வெளிப்பந்தலில் இருந்துகொண்டார். உள்ளே ஹோலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாய்களில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். "பெரிய கெமராதான்" என்று பெண்ணின் உம்மா சொன்னபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வாசல் நிலையோடு சாய்ந்து நின்று நீள லென்ஸால் எடுத்தேன். அந்தக் கோடியில், குசினி யன்னலோரம், மணப்பெண்ணின் தாத்தா நஸ்றியா நின்றார். அக்காவைத்தான் நாங்கள் தாத்தா என்போம். முக்காடு தோளில் விழுந்துகிடக்க, கை நிறைய மாவோடு, எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். எடுத்தேன். அப்படியொரு படம் என் கையில் அதுவரை விழுந்ததில்லை.

பின்னால் நின்ற ஒருத்தி திரையைப் பார்த்துவிட்டாள். "நஸ்றியாத் தாத்தா, உங்கட முக்காடில்லாத தலையப் படமெடுத்துப்போட்டா!"

எல்லா முக்காடும் ஒரே நேரத்தில் ஏறின. பாயில் இருந்த மணப்பெண் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். நஸ்றியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க காட்டு" என்றார். பார்த்தார். "அழி."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

"நான் அங்க நிக்கன், நீ இஞ்ச நிக்காய். என்னத்தான் எடுக்கிறாய் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? தெரிஞ்சாத்தானே வேணாமெண்டு சொல்லலாம்?" சத்தம் போடவில்லை, கேட்டார், அவ்வளவுதான்.

"பரவாயில்ல மகள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார் உம்மா. கலியாணப் படம் எனக்கில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. ஆனாலும் போக மனமில்லை.

நீள லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்தேன். சின்னதைப் பூட்டிக்கொண்டு, நேரே போய்ப் பாயில் இரண்டு பேருக்கு நடுவில் இருந்தேன். ஒருத்தி விலகி இடம் தந்தாள். முறுக்கு உரலை வாங்கிக் கொஞ்ச நேரம் பிழிந்தேன். என் முறுக்கு கோணலாக விழுந்ததில் இரண்டு பேர் சிரித்தார்கள். மறுகாதான் கெமராவைத் தூக்கினேன். இந்த லென்ஸில் ஒரு முகம் நிறைய வேண்டுமென்றால் முழங்காலோடு முழங்கால் முட்டப் போக வேண்டும். ஒளிந்து எடுக்க முடியாது. நான் வருவதைக் கண்டு ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்தாள். இன்னொருத்தி கையால் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன். ஒவ்வொரு படத்தையும் அதில் இருப்பவருக்கே காட்டினேன். சுவரில் முதுகு முட்ட நின்று எடுத்தபோது பாயும் எண்ணெய்த் தாச்சியும் பெண்களும் முழுதாக உள்ளே வந்தார்கள். பழைய கெமராவில் பாதிப்பேர் வெட்டுப்பட்டிருப்பார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு மணப்பெண்ணும் அறையிலிருந்து வந்தாள்.

உம்மா திரையை நெடுநேரம் பார்த்தார். "கலியாணத்தண்டு வெள்ளன வாங்க மகள்" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

வெளிக்கிடும்போது நஸ்றியாத் தாத்தா கேற்றடிக்கு வந்தார். வெளியே ஆண்கள் நின்றதால் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அழிச்ச படம்... வடிவா இரிந்திச்சா?"

அழகில்லை என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஓம் தாத்தா. நல்ல வடிவு."

"கலியாணத்தண்டு பொண்ணுட அறைக்குள்ள வா. எங்கட ஆக்கள் மட்டும்தான் இரிப்பம். கிட்ட வந்து எடு, சிரிச்சுத் தாறன்" என்றார்.

றிஸ்வான் மோட்டார் சைக்கிளை உதைக்க முன்பே கல்முனைக் கடைக்குப் போன் எடுத்து, முப்பத்தைந்து எனக்கு என்று சொன்னேன்.