சிங்கத்தின் காலுக்குள் சுங்குடி

கள்ளிக்குப்பத்து அம்மனின் சிங்க வாகனம் ஒருமுறை மூச்சு விட்டதாம். வாயில் புகை வந்ததாம். ஆவடியில் கேட்டபோது நெருப்பு வந்திருந்தது. நசரத்பேட்டைக்குப் போவதற்குள் கர்ஜித்தும் விட்டது. இன்னும் விசாரித்தால் கடித்துவிடும் என்று, சிங்கத்தைச் செய்த சம்பத்திடமே போனேன்.

அறுபது தாண்டியவர். அப்பா நெல் விதைத்த நிலத்தில் பிளாட் முளைத்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஃபைபர் வேலைக்குப் போனவர். ஆயுளுக்கும் தண்ணீர்த் தொட்டி. நடுவே ஒரே ஒரு சிங்கம். ரெசின் நெடி என்றால் நமக்குத் தலைவலி. அவருக்கோ அதைச் சொல்லும்போதே இருபத்தைந்து வயதாகிவிடுகிறது.

ரெசின் என்கிற அந்தப் பிசின் தேன்போல் இருக்கும். அதைக் கல்லாக்குவது ஹார்ட்னர் என்கிற பெராக்சைடு. அதற்குள் இரண்டு ஆக்சிஜன்கள் கைகோத்திருக்கும்; எப்போது பிரியலாம் என்று காத்திருக்கும் ஜோடி. பிரிந்த வேகத்தில் ரெசினைப் பின்னிவிடும். பின்னப் பின்னச் சூடேறும். ஒரு மூடி ஹார்ட்னர் போதும்.

அது சிங்கத்தின் முதல் ஆடித் திருவிழா. காலையில் தூக்கி வைத்தவர்கள் முன்னங்காலை முறித்துவிட்டார்கள். சாயங்காலம் சிங்கம் நிற்காவிட்டால் அம்மன் புறப்பாடு இல்லை. சம்பத்துக்கு ஊரில் முகமில்லை. மழை ஈரத்தில் ரெசின் இறுகவில்லை. விருந்தாளி கூடினால் ரசத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல, ஹார்ட்னரை இன்னும் ஊற்றினார். கால் கொதித்தது. வெற்று வயிற்றின் வழியே ஏறிய புகை வாயால் வந்தது. சனம் விழுந்து கும்பிட்டது. கற்பூரத்தோடு ஓடி வந்த பெரியவரைச் சம்பத் மறித்துத் தள்ளினார். பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் பெராக்சைடு டப்பா பக்கத்திலேயே இருந்தது. அன்று முதல் ஊருக்கு அவர் நாத்திகர்.

கால் பிஸ்கட்டாக விரிசல் விட்டது. வைத்து ஒட்டக் கண்ணாடி இழை தீர்ந்துவிட்டது, கடைகளும் பூட்டு. அடுத்த வீட்டுக் கன்னியம்மாள், அன்று உடுத்த வைத்திருந்த புதுச் சுங்குடிப் புடவையைக் கொண்டுவந்து "கிய்ச்சிக்கோ" என்றாராம். கிழித்து, ரெசினில் தோய்த்து, அளவான ஹார்ட்னரோடு சுற்றினார். பொழுது சாய, சிங்கம் நின்றது. கன்னியம்மாள் பழைய புடவையில் தேங்காய் உடைத்தார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கன்னியம்மாளே மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"பொடவ எங்கன்னு கேளு நைனா."

"பட்டே வாங்கினு போனேன். வேணான்ட்டா," என்றார் சம்பத்.

"நான் குட்த்தது பட்டா? அந்தச் சுங்குடியக் குடு."

"அதுக்கு சிங்கத்தோட கால ஒடிக்கணுமே."

"ஒடி. நானா வேணான்றேன்?"

போன ஆடிக்கும் சம்பத் ஒரு சுங்குடி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நிறம் வேறு என்று அதுவும் திரும்பிவிட்டதாம்.