ஒட்டிக்கொண்ட ராடு

கொருக்குப்பேட்டை அஜீசாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஸ்டவ் வெடித்துக் கழுத்து வெந்த நாளிலிருந்து தீக்குச்சி கிழிக்கவே பயப்படுவாள். ஆனாலும் திருவொற்றியூரில் பெண்களுக்கும் வெல்டிங் வேலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்.

முதல் நாள் வெல்டிங் ராடை இரும்புத் தகட்டில் உரசியதும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. ராடு முழுக்கச் சிவந்தது. பிடியை விடக்கூடத் தோன்றாமல் அஜீசா உறைந்துபோனாள்.

"அக்கா, கைய முறுக்கி வெடுக்குனு இழு!" என்று கத்தினாள் கூடப் பயிற்சி பெறும் மெர்லின்.

முறுக்கியதும் ராடு பிய்ந்து வந்தது. அஜீசா முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"இன்னாக்கா, வூட்டுக்கா?"

"பயமா கீதுடி."

"எனக்குந்தான் கீது."

அஜீசா திரும்பி வந்தாள். முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி உரசினாள். பயந்துகொண்டே இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு கோணல் கோடு போட்டு முடித்தாள்.