அடி அண்ணாமலையில் நினைவுக்கு வந்த வால்வு

போன வருடம் ஒரு பௌர்ணமி மாலை, என் மனைவியோடு கிரிவலம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு வீடு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில். வேலை, சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஏழு மாதம் கடலில் இருந்துவிட்டு, பௌர்ணமிக்குள் ஊர் போயே தீர வேண்டும் என்று அடம்பிடித்து இறங்கி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையை நெருங்கும்போது போனில் ஒரு மெசேஜ் வந்தது. கப்பலில் என் இடத்துக்கு வந்த நண்பர் அனுப்பியது. துறைமுகம் நெருங்குகிறது, எண்ணெயை மாற்றப் போகிறேன், எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். கூட்டத்தில் சிக்னல் திணறி, அரை மணி நேரம் கழித்துத்தான் அது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நடுக்கடலில் எங்கள் கப்பல் ஓடுவது தார் போன்ற கெட்டி எண்ணெயில். அதைச் சூடாக்கித்தான் இன்ஜினுக்கு அனுப்புவோம். அதன் புகை பொல்லாதது என்பதால், அந்தத் துறைமுகத்தை நெருங்கும்போது சுத்தமான டீசலுக்கு மாறிவிட வேண்டும். ஆனால் டீசலைச் சூடாக்கக் கூடாது. சூடானால் நீர்த்துப்போய், பம்ப் தள்ளாது, இன்ஜின் நின்றுவிடும். எங்கள் ஹீட்டருக்கு நீராவி போகும் வால்வு பழசு. மூடினாலும் முழுசாக மூடாது. குழாய்க்குப் பின்னால் இருக்கும் இன்னொரு வால்வையும் மூட வேண்டும். ஏழு மாதமாக என் கை தானாகச் செய்த வேலை அது. ஊர் போகும் அவசரத்தில் நண்பரிடம் அதைச் சொல்லவும் இல்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை.

துறைமுக வாயிலில் இன்ஜின் நின்றால் கப்பல் பாறைத் தடுப்பில் போய் மோதலாம். போன் போட்டுப் பார்த்தேன், போகவே இல்லை. மனைவியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். எத்தனை பேரிடம் திட்டு வாங்கினேனோ தெரியாது.

ஒரு ஜெராக்ஸ் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு அம்மா, கற்பூரப் புகைக்கும் வண்டிப் புகைக்கும் பயந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைஃபை கேட்டதும் முடியாது என்றார். பௌர்ணமிக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்களாம். கப்பல் நின்றுவிடும் என்றேன்.

“திருவண்ணாமலையில ஏதுங்க கப்பலு?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். கரைக்குக் கிட்டே வந்து எதற்கு எண்ணெயை மாற்ற வேண்டும் என்று கேட்டார். “புகை கம்மியாவும்ங்க. துறைமுகத்த ஒட்டி வீடுங்க இருக்கு” என்றேன். அவர் உடனே போனை வாங்கி, பாஸ்வேர்டைத் தானே போட்டுக் கொடுத்தார்.

நண்பர் எடுக்கவில்லை; இன்ஜின் அறைக்குள் இருந்திருப்பார். மூன்று முறை போட்டேன். இனி கேப்டன்தான். அவரிடம் சொன்னால் என் தப்பு கப்பலுக்கே தெரிந்துவிடும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் நண்பருக்கே நான்காவது முறை போட்டுப் பார்க்கலாமா என்றுதான் யோசித்தேன். பிறகு கேப்டனைக் கூப்பிட்டு, இரண்டாவது வால்வையும் மூட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

“தப்பு என்னோடதுதான் சார், சொல்லாம வந்துட்டேன்” என்றேன். இன்ஜின் அறைக்குச் சொல்ல அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

கால் மணி நேரம். என் மனைவி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். அப்புறம் நண்பரின் மெசேஜ் வந்தது. அலாரம் அடிக்க ஆரம்பித்துவிட்டதாம். டீசல்தான் சரியில்லை என்று நினைத்து, பழைய எண்ணெய்க்கே திரும்ப இருந்தார்களாம். இரண்டாவது வால்வை மூடியதும் சூடு இறங்கிவிட்டது.

கப்பல் தப்பித்தது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். “அங்க கரையில இருக்கறவங்களுக்குப் புகை போவலியே?” என்று கேட்டார்.

போகவில்லை என்றேன். சொல்லும்போதே கூசியது. இத்தனை வருடம் சோதனைக்கு வரும் அதிகாரிக்குப் பயந்து எண்ணெயை மாற்றினேனே தவிர, கரையில் மூச்சு விடுகிறவர்களை நினைத்து ஒருநாளும் மாற்றியதில்லை. இப்போதெல்லாம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, வருகிறவரின் கையைப் பிடித்து ஒவ்வொரு வால்விலும் வைத்துக் காட்டிவிட்டுத்தான் இறங்குகிறேன்; நான் சொல்லாமல் விட்ட ஒன்றுக்காக எங்கோ ஒருவர் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாது.