ரெஃப்ரியும் என் இலை மூட்டையும்

நேற்று டிவியில் உலகக்கோப்பைக் கால்பந்து மேட்சில் ஒருத்தன் எதிராளியின் முழங்காலிலேயே உதைத்தான். ரெஃப்ரி மஞ்சள் அட்டைகூடக் காட்டவில்லை. நான் போட்ட சத்தத்தில் குன்னூர்க் காட்டெருமைகள் அவலாஞ்சி வரை ஓடிவிட்டன.

அந்தக் கோபம் ஆறாமல்தான் இன்று பச்சை இலை மூட்டையோடு பேக்டரிக்குப் போனேன். தேயிலை விலை விழுந்ததிலிருந்து பாதி இலையைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

சூப்பர்வைசர் தம்பி மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

"கரட்டு இலைங்க மாமா, முத்திப்போச்சு. எடுக்க முடியாதுங்க."

"மேலதான் தம்பி நாலு முத்தல். அடியில பூரா கொழுந்து. டிவில மேட்ச திருப்பிப் போட்டுப் பாக்கறாங்கல்ல, அந்த மாதிரி கொட்டிப் பாருங்க!"

"ரெஃப்ரி சொன்னா சொன்னதுதானுங்க."

உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து உருண்டேன். உலகத் தரமான உருளல்! வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள்.

"எந்திரிங்க மாமா, வேட்டி அழுக்காகுது" என்று சொல்லிவிட்டு, தம்பி அடுத்த மூட்டையைக் கூப்பிட்டார்.

நேற்று அடிபட்டவனைத் தூக்க ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர் ஓடிவந்தார்கள். என் மூட்டையை நானேதான் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த வாரத்தில் இது இரண்டாம் தடவை.

வீட்டுக்காரி மழையில் நனைந்து பறித்த இலை. சாயங்காலத்துக்குள் மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்து வீணாகிவிடும். இன்னும் வீட்டுக்குள் போகாமல் வெளியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் இன்றைக்கு இலை எடுக்கிற பேக்டரி இருந்தால் உடனே சொல்லுங்கள். அங்கே ரெஃப்ரி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பரவாயில்லை.