நாற்பது லிட்டர் கூடுதலாக: பல்லடத்திலிருந்து சங்கரன்கோவில் வரை பறந்து திரும்பியது

மார்கழியில் ஒருநாள் அக்காவிடம் போனில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். "நாளைக்குக் காலையில ஒம்பதரைக்கு மொட்டை மாடிக்கு வந்து நில்லு. நம்ம வீட்டுக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டுப் போறேன்." அக்கா சிவப்புச் சேலை ஒன்றைக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிட்டு, தெருவில் நாலு வீட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டு, பதினொரு மணி வரை வெயிலில் நின்றிருக்கிறாள். நானோ ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்டதுமே திரும்பிவிட்டேன். ஊருக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. டேங்க்கில் இருந்த பெட்ரோல் திரும்பிப் போக மட்டும்தான் காணும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் ஏற்கெனவே சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன், தறிச் சத்தம் நின்றால்கூடக் கால் ஆட ஆரம்பித்துவிடும். இரண்டு திருப்பூர் நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய, இரண்டே பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம் ஒன்று, பல்லடம் தாண்டித் தாராபுரம் போகிற வழியில் ஒரு தனியார் ஓடுதளத்தில் நிற்கிறது. அதற்குப் பெரிய டேங்க் வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

இதே யோசனையில் இருப்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விமானத்தின் டேங்க் 50 லிட்டர். மணிக்கு 17 லிட்டர் குடிக்கும், 140 கிலோமீட்டர் போகும். மலையை ஒட்டாமல் திண்டுக்கல், உசிலம்பட்டி வழியாகச் சுற்றி வந்தால் சங்கரன்கோவில் 220 கிலோமீட்டர். இறங்க அங்கே ஓடுதளம் கிடையாது, வட்டமடித்துத் திரும்ப வேண்டியதுதான். நடுவில் மதுரையில் நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நான் விசாரித்தவரை, பெரிய விமானங்களுக்கான எரிபொருள்தான் அங்கே இருக்கிறது, நம் எஞ்சினுக்கு ஆகாது. ஆகவே சீட்டுக்குப் பின்னால் 40 லிட்டர் அலுமினிய டேங்க் ஒன்று. அதற்கான ஒப்புதல் வாங்குவதற்குள் ஒரு வருஷம் ஓடி, எனக்குப் பாதி முடியும் கொட்டிவிட்டது. டேங்க், குழாய், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

டேங்க் பார்சலில் சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்தது. புது வண்டி வாங்கினால் சாவியை அம்மன் சந்நிதியில் வைத்து எடுக்காமல் எங்கள் ஊரில் யாரும் ஓட்ட மாட்டார்கள். டேங்க்குக்கும் அதே மரியாதை. அக்கா மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றி வைத்தாள். ஒரு ராத்திரி அது பூஜை அறையிலேயே இருந்தது. அன்றே அக்கா ஒரு நிபந்தனையும் போட்டாள். "தனியாப் போகாதலே. அத்தானக் கூட்டிட்டுப் போ. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நீ கொஞ்சம் நிதானமா இருப்ப."

அத்தான் தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பவர். ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. மனைவி சொன்னதால் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, கையில் புளியோதரை டப்பாவோடு காரில் ஏறினார்.

மறுநாள் காலை நாலரைக்குக் கிளம்பினோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டியில் டீ, உசிலம்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம். ஏறக்குறைய 260 கிலோமீட்டர். டேங்க்கைப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டிருந்தேன். அத்தான் வழி முழுக்கத் திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "இதுக்குள்ள பெட்ரோல் ஊத்தி, அதுக்கு முன்னால நாம உக்காரணும். அப்படித்தான மாப்ள?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒட்டன்சத்திரம் வரைக்கும் அவர் தன் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஓடுதளத்தில் விமானங்களைப் பராமரிக்கும் இன்ஜினியர் ரேவதி டேங்க்கை வாங்கிப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தார். "மூடியத் தெறந்தீங்களா சார்?" என்று கேட்டார். திறக்கவே இல்லை, வந்தது வந்தபடி இருக்கிறது என்றேன். அன்று முழுக்கப் பொருத்தும் வேலை நடந்தது. நான் பட்டறைக்கு உள்ளேயும் வெளியேயுமாக நடந்ததில் அத்தானுக்குத் தலை சுற்றியிருக்கும். பல்லடத்தில் 900 ரூபாய் அறையில் தங்கினோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் இரண்டு டேங்க்கிலும் பெட்ரோல் ஊற்றியாயிற்று. அந்தப் பக்கம் தை மாதத்திலும் ஒன்பது மணிக்கு மேல் காற்று புரட்ட ஆரம்பிக்கும். ரேவதி புது டேங்க்கின் அடியிலிருந்து கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. நான் பெல்ட்டை மாட்டிவிட்டேன்.

"எறங்குங்க சார். இறக்கைய நல்லா ஆட்டிவிட்டு, மூலையில இருக்குற தூசி அடிக்கு வந்ததும், அரை மணி நேரம் கழிச்சு இன்னொருக்கா புடிச்சுப் பாத்துரலாமுங்க."

"அதான் சுத்தமா இருக்கே மேடம். காத்து வந்துரும்" என்றேன். அவர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அரை மணி நேரமும் ஓடுதளத்தின் நீளத்தை நடந்தே அளந்தேன்.

இரண்டாவது குப்பியின் அடியில் செம்மண் படிந்திருந்தது. மாவு மாதிரி நைசான மண்.

"இது போயி ஃபில்டர அடைச்சிருக்குமுங்க. ஒரு மணி நேரம் நல்லா ஓடியிருக்கும். அப்புறம் எங்க நிக்கும்னு சொல்ல முடியாது" என்றார் ரேவதி.

ஒரு மணி நேரம் என்றால் திண்டுக்கல் தாண்டி, இரண்டு பக்கமும் மலை. பயந்துவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பயம் தெளிந்ததும் அந்த மண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கள் கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண். சங்கரன்கோவில்காரன் நெற்றியில் பூசுவான், உடம்புக்கு முடியவில்லை என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிப்பான். இதோ டேங்க்கிலும் போட்டாயிற்று.

அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் மாப்ள போட்டேன்" என்றார். "ஒரு சிட்டிகைதான். அம்மன் மண்ணு, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்."

அங்கே நான் பேசியதை எல்லாம் எழுத முடியாது. படித்தவர் செய்கிற வேலையா என்றேன், உங்களைக் கூட்டி வந்தது என் புத்திக் கோளாறு என்றேன், ரேவதியும் வாட்ச்மேனும் கேட்கக் கேட்கக் கத்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். டேங்க்கைக் கழற்றி மூன்று முறை அலசி, குழாயை ஊதி, ஃபில்டரை மாற்றி முடிப்பதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது. இன்னொரு 900 ரூபாய். ராத்திரி சாப்பாட்டின்போதும் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவராகவே லீவை ஒருநாள் நீட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள், இரண்டு குப்பியும் சுத்தம். எடைக் கணக்கில் ஒரு சிக்கல் வந்தது. இரண்டு டேங்க்கும் நிரம்பினால் எங்கள் இருவரோடு பதினோரு கிலோ அதிகம். பதினைந்து லிட்டரைக் குறைத்தோம். பெரிய டேங்க் வைப்பவர்கள் இதை முதலிலேயே யோசியுங்கள்: பெட்ரோல் ஏறினால் ஆளோ பெட்டியோ இறங்க வேண்டும். 75 லிட்டரில் போய்த் திரும்பி, முக்கால் மணி நேரத்துக்குக் கையிருப்பும் இருக்கும். அக்காவுக்கு 'கிளம்பிவிட்டோம்' என்று செய்தி அனுப்பிவிட்டு 7.05க்கு மேலே ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைத் தாண்டியபோது சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். வலது பக்கம் மலை, அதன் அடியில் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் குளங்கள் வெயிலில் மின்னின. இடது பக்கம் குருவிகுளம் வரைக்கும் கரிசல். 8.40க்கு ஊர். கோபுரத்தை வைத்து எங்கள் தெருவைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு மேலே இரண்டு முறை சுற்றினேன்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. காயப் போட்ட துணி இருந்தது. அக்கா இல்லை.

இதற்காகத்தானே இவ்வளவும். அத்தான் கிளம்பியதிலிருந்து பெட்ரோல் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வேலையா இருப்பா மாப்ள. நீ திருப்பு" என்றார்.

10.25க்குத் தரை இறங்கி, எஞ்சினை அணைத்த கையோடு போன் போட்டேன்.

"எறங்கியாச்சாலே?" என்றாள். மூச்சு வாங்கியது.

"எறங்கியாச்சு. எங்க போன நீ? மாடியில ஆளையே காணும்."

"கோயில்ல நிக்கேன். நீ கெளம்பிட்டேன்னு சொன்னதுலேருந்து பிரகாரம் சுத்துதேன். நீங்க எறங்குத வரைக்கும் சுத்துதேன்னு நேந்துக்கிட்டேன். இப்பத்தான் உக்காருதேன்."

மூன்று மணி இருபது நிமிஷம். அவளுக்கு வயது ஐம்பத்து நாலு.

"மேல சத்தம் கேக்கலையா?"

"கேட்டுது. ரெண்டு வாட்டி கேட்டுது. நிமிந்து பாத்தா நடை நின்னுருமேன்னு பாக்கல." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "அன்னைக்கு ராத்திரி மூடியத் தெறந்து மண்ணு வேற போட்டு வச்சேன்லா, ஒண்ணும் ஆவாதுன்னு தெரியும். இருந்தாலும் மனசு கேக்கல."

அத்தானைப் பார்த்தேன். அவர் புளியோதரை டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட நீ கத்துனா ரெண்டு நாள் சாப்பிட மாட்டா மாப்ள" என்றார் மெதுவாக. "என்கிட்ட கத்துனா என்ன. ஆபீஸ்ல தெனமும் யாராவது கத்தத்தான் செய்யுதாங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மண் இப்போது பல்லடத்தில் ஒரு துடைக்கிற துணியில் இருக்கிறது என்பதை அக்காவிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை. போனை வைக்கும் முன் அவள் ஒன்று சொன்னாள். "இதுக்கு மேல டேங்கப் பெருசாக்காதலே. காலு தாங்காது."

டேங்க் மாற்ற நினைப்பவர்களுக்கு: முதல் குப்பியை நம்பாதீர்கள், அரை மணி நேரம் பொறுங்கள். பொருத்துவதற்கு முன் உள்ளே கழுவச் சொல்லுங்கள், யார் வீட்டுப் பூஜை அறையிலிருந்து வந்ததாக இருந்தாலும். திருப்பூர் நண்பர்கள் இப்போது அறுபது லிட்டர் டேங்க் வைத்தால் கன்னியாகுமரி வரைக்கும் போய் வரலாமே என்கிறார்கள். நாற்பதே போதும் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். எடை தாங்காது என்றேன்.